அம்மிணிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள அம்மிணி,

வாட்ஸ்அப்பில் நான் பத்து வரி எழுதினால் நீ ஒரு கட்டைவிரல் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் கடிதம். பெரிய மாமா கோயம்புத்தூர் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பருப்புப் பொடியும் இருக்கிறது, ரூமில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீ சும்மா இருக்காதே.

நீ கொடுத்துவிட்டுப் போன டீ-சர்ட்டை அப்பா ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பார்த்தார். ஆனால் சாயங்காலம் பக்கத்து யூனிட்காரரிடம் லேபிளைத் திருப்பிக் காட்டி "நம்ம பொண்ணோட பிராண்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்து ரிப் பட்டை அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது, இருபது வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிற நானே சொல்கிறேன். அப்புறம் நான் அதைத் துவைத்துப் போட்டேன். மூன்றாவது துவையலில் பக்கத் தையல் திரும்பி வயிற்றுக்கு வந்துவிட்டது. சிங்கிள் ஜெர்சி என்கிற இந்த மெல்லிய பின்னல் துணியில் நூல் முறுக்கு அடங்காவிட்டால் இப்படித்தான் ஆகும். கிலோவுக்குப் பத்து இருபது குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் அதில் ஏதாவது இருக்கும் கண்ணு. யாரிடம் எடுத்தாய்? எத்தனை கிலோ? முழுசும் ரொக்கமா? பில் வாங்கினாயா? எதுவானாலும் பில் வாங்கு.

போன வாரம் உங்கள் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கடைசி செமஸ்டர் கட்டணம் பற்றி ஏதோ கேட்டார். பணத்தை ஜனவரியிலேயே உன் கணக்கில் போட்டுவிட்டோமே என்றேன். சரி பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார். அவர்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது குளறுபடியாக இருக்கும். அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.

சரி, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குகிற அந்தப் பையிங் ஆபீஸ் இன்டர்வியூ என்னாயிற்று? போனாயா இல்லையா என்று கேட்டால் "பார்க்கலாம்மா" என்கிறாய். தொழில் செய்யாதே என்று இந்த வீட்டில் யார் சொல்வார்கள்? எட்டு மெஷின் போட்டு உன்னைப் படிக்க வைத்தது தொழில்தானே. ஆனால் நாம் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறவர்கள். வெட்டின துணி பண்டிலாக வரும், தைத்துக் கட்டி அனுப்புவோம். அது எந்த ஊருக்குப் போகிறது, என்ன விலைக்கு விற்கிறது என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதெல்லாம் தெரிந்தவர் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கிடைத்த அன்றே நூலுக்கு ஒரு தேதி, நிட்டிங்குக்கு ஒரு தேதி, டையிங், கட்டிங், பேக்கிங் என்று அட்டவணை போட்டு அதன் பின்னாலேயே ஓடுகிற வேலை. ஒரு பீஸுக்குக் காஸ்டிங் போடுவதும் பையரிடம் விலை பேசுவதும் அங்கேதான் கைக்கு வரும். இரண்டு வருஷம் போ. சம்பளமும் கொடுத்துச் சொல்லியும் கொடுக்கிறார்கள், இதில் உனக்கு என்ன குறைச்சல்?

வேலைக்குப் போனால் அப்படியே உட்கார்ந்துவிடுவேன் என்கிறாய். அப்படி உட்கார்ந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2021-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்கிற சாஃப்ட்வேர் கம்பெனி அமெரிக்கப் பங்குச்சந்தைக்குப் போனபோது "நம்ம திருச்சிக்காரரும்மா" என்று எனக்குச் செய்தியைப் படித்துக் காட்டியது நீதான். அந்த கிரீஷ் மாத்ருபூதம் ஜோஹோ கம்பெனியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டுத்தான் 2010-ல் வெளியே வந்து ஆரம்பித்தார். அந்தப் பத்தியை மட்டும் நீ படிக்கவில்லை.

உனக்குச் சொல்லாமல் மாவட்டத் தொழில் மையத்துக்கும் போய்வந்தேன். புதுசாகத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு பேங்க் கடன் கிடைக்கிற பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை போகலாமாம். பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம், நம் கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் மானியம் கைக்கு வராது. மூன்று வருஷம் பேங்கிலேயே டெபாசிட்டாக நிற்கும், யூனிட் ஒழுங்காக ஓடினால்தான் கடனில் கழிப்பார்கள். பெரிய தொகைக்கும் எட்டாவது படித்திருந்தால் போதுமாம். பையிங் ஆபீஸில் அப்படி இல்லை, டிகிரி கேட்பார்கள். டிகிரிக்குப் பரீட்சை எழுத வேண்டும், பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வேண்டும்.

இன்னொன்று, கடனுக்குச் சரக்கு கொடுக்காதே. பசங்கதானே, சீனியர்தானே என்று கொடுக்காதே. சிறு தொழில் என்று அரசிடம் பதிகிற உத்யம் பதிவு இருக்கிற சின்ன யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து, அப்படிக் கொடுக்காத தொகையைக் கொடுக்கிற வரைக்கும் கம்பெனிகள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றும் வந்தது. அப்பாவுக்கு அன்றைக்கு வாயெல்லாம் பல். மார்ச் மாதம் ஒரு கம்பெனியில் கூப்பிட்டு, பில்லை ஏப்ரல் தேதிக்குப் போடுங்கள் என்றார்கள். போட்டுக் கொடுத்தோம். மாட்டேன் என்றால் அடுத்த லோடு வேறு யூனிட்டுக்குப் போயிருக்கும். விவரம் தெரிந்த அப்பாவுக்கே பணம் நிற்கிறது. உனக்கும் எங்கேயாவது நின்றிருந்தால் அது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. சொன்னால் போதும். சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறாவதில் ரேங்க் கார்டை மெத்தைக்கு அடியில் வைத்த ஆள்தானே நீ.

பெரியம்மா வீட்டு விசேஷம் முடிந்தது, எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். எழுத நிறைய இருக்கிறது, இப்போது மனசு ஓடவில்லை.

அபராதத்தோடு கட்டுகிறவர்களுக்கு 20-ஆம் தேதி வரைக்கும் நேரம் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னார். சும்மா உன் காதில் போட்டு வைக்கிறேன். எனக்கு 12-ஆம் தேதி சீட்டு விழுகிறது. அதற்கு இன்னும் ஒரு செலவும் யோசிக்கவில்லை.

புதன்கிழமை மதியம் போன் பண்ணு. அப்பா டெலிவரி கொடுக்கப் போயிருப்பார். பையிங் ஆபீஸில் மறுபடி தேதி கேட்டால் கொடுப்பார்களா என்றும் விசாரித்து வை.

இப்படிக்கு,
அம்மா