தனியா போனா பேச ஆள் கிடைக்காதா?

ஆசிரியருக்கு வணக்கம். உங்க சுற்றுலா பக்கத்துல எப்பவும் ஃபேமிலி பேக்கேஜ் பத்தியே வருது, தனியா போறவங்களுக்கும் கொஞ்சம் எழுதுங்க சார். நான் அமிர்தசரஸ் தனியாத்தான் போனேன், ஹிந்தி அரைகுறை, பஞ்சாபி சுத்தமா தெரியாது. பொற்கோயில்ல லங்கர், அதாவது எல்லாருக்கும் இலவசமா போடுற சாப்பாடு, 24 மணி நேரமும் நடக்குது, தலையில துணி கட்டிட்டு தரையில வரிசையா உக்காந்தா ஒரு பக்கம் லாரி டிரைவர் இருப்பாரு இன்னொரு பக்கம் காலேஜ் பசங்க இருப்பாங்க, ரொட்டிய ரெண்டு கையும் ஏந்தித்தான் வாங்கணும்னு எனக்கு ஜாடையில காட்டுனதே எதிர்ல இருந்த ஒரு பாட்டிதான். சாப்பிட்டதும் கிளம்பிடாதீங்க. பூண்டு உரிக்கிற இடத்துலயோ தட்டு கழுவுற இடத்துலயோ போய் நின்னா ஊர் பேர் எதுவும் கேக்காம நகர்ந்து இடம் விடுறாங்க, கை வேலை நடக்கும்போது பேச்சு தானா வருது. கேரளாவுல இருந்து வந்த ஒரு பையன் அங்கதான் பழக்கமானான், சாயங்காலம் பாகிஸ்தான் எல்லையில இருக்கிற அட்டாரியில கொடியிறக்கம் பாக்க ஷேர் ஜீப்ல சேர்ந்தே போனோம், பாதி நேரம் சாப்பாட்டு பேச்சுதான். ஆனா எந்த ரூம்ல தங்கியிருக்கோம்னு புதுசா பாத்தவங்ககிட்ட சொல்லாதீங்க, அதுல நான் கறார். தனியா போய்ட்டு வந்த பெண்களோட அனுபவத்தையும் கேட்டு வாங்கி போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி