ஆறு வரிசையைப் பிரித்த பிறகு, அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா முடிக்காமல் விட்டுப்போன ஒயர் கூடையில் ஆறு வரிசையைப் பிரித்துவிட்டேன். அவை உன் கை பின்னியவை என்பது, பிரித்து முடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் தேர்வு, உன் முழங்கால் வலி, இங்கே இப்போது மணி என்ன என்கிற மூன்றைத் தாண்டி நாம் எதையும் பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் இந்தப் பக்கத்தில் எழுதுவதையெல்லாம் நீ வாசிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு ஓர் ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்கு உளுந்து என்று நான் எழுதிய மறுநாளே, "அம்மா அப்படிப் போடவே மாட்டா" என்று நீ சித்தி மகளிடம் சொன்னது என் காதுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே இதையும் வாசிப்பாய். உன்னோடு சேர்ந்து நம் வீட்டார் இன்னும் சிலரும் வாசிப்பார்கள் என்பதால், சில இடங்களைச் சுருக்கமாகக் கடந்து போவேன். விடுபட்டதை நீ நிரப்பிக்கொள்.

அந்தக் கூடையின் அடி மெல்பர்னில் என் சாப்பாட்டு மேசையின் மேல் போடப்பட்டது என்பதை நீ அறிந்திருக்க வாய்ப்பில்லை. 2019 நவம்பர் 1ஆம் தேதி முதல் விக்டோரியா மாநிலத்தில் கடைகள் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அம்மா ஊருக்குத் திரும்புவதற்குச் சில நாட்களே இருந்தன. கூடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள் என்று சொல்வதற்கு ஒரு சர்க்கார் வேண்டுமா என்று சிரித்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து பச்சையும் வெள்ளையுமாக இரண்டு ஒயர் கட்டுகளை எடுத்தாள். ஓலைப் பெட்டியோ மரச்சாமானோ கொண்டுவந்தால் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டும், பிரித்துப் பார்ப்பார்கள் என்று நான் முன்பே சொல்லிவைத்ததால், யாரும் எதுவும் கேட்காத பிளாஸ்டிக் ஒயராகப் பார்த்து அவள் கொண்டுவந்திருந்தாள். சாதா முடிச்சில் அடி போட்டு, பக்கவாட்டில் எட்டு வரிசை எழுப்பினாள். வெள்ளை தீர்ந்துபோயிற்று. திருநெல்வேலி டவுணில் ரத வீதியில் இதே வெள்ளையை வாங்கி, முடித்து, அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லி, கூடையைத் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். 2020 மார்ச் 20ஆம் தேதி ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. அடுத்த முறை என்பது வரவில்லை.

2023 தை மாதக் கல்யாணத்துக்கு நான் வந்திருந்தபோது, கிளம்பும் நேரத்தில் அதை என் கைப்பையில் திணித்து, "அம்மா முடிக்காமப் போனது. ஒன்னோடதுதான்" என்றாய். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. நான் அதைத் துணி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அங்கேயே இருந்தது. பார்க்கும்போதெல்லாம் மனம் கனத்தது என்று எழுதினால் அது பொய். பெரும்பாலான நாட்களில் அது அங்கே இருப்பதையே மறந்திருந்தேன்.

இந்த ஆண்டு சித்திரை அமாவாசைக்குள் முடித்துவிட வேண்டும் என்று மாசியில் அதைக் கீழே இறக்கினேன். எட்டு வரிசை வரை முடிச்சுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒன்பதாவதிலிருந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தன. இழுப்பும் இறுக்கமாக இருந்தது, வெள்ளையும் அதே வெள்ளை அல்ல. கடைசிக் காலத்தில் அம்மாவுக்குக் கண்ணும் கையும் தடுமாறியிருக்கின்றன, நமக்குத்தான் அது தெரியவில்லை என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே அழுதுகொண்டு, ஒன்பதிலிருந்து பதினான்கு வரை ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தேன். அம்மாவின் தவற்றைத் திருத்துவதாக எனக்கு எண்ணம். இரண்டு இரவு ஆயிற்று, நகக்கண் வலித்தது. பிரித்த ஒயரை வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், முடிச்சின் வளைவு முழுவதும் நிமிரவில்லை.

பிறகு என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தனக்கும் சொல்லிக்கொடு என்றாள். மிச்ச ஒயரில் நான்கு இழை வெட்டிக் கொடுத்தேன். அவளுக்கு ஒன்பது வயது. இடது கைக்காரி. இங்கே யாரும் அவள் கையைத் தட்டிவிட்டதில்லை. அவள் போட்ட நான்காவது முடிச்சைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, அது நான் பிரித்தெறிந்த முடிச்சைப் போலவே எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

சோறு வலது கையால், விளக்கு வலது கையால், கோலம் வலது கையால் என்று ஆச்சி உன்னை அடித்து வளர்த்த அந்த வீட்டில், ஒயர் கூடைக்கு மட்டும் அம்மா உன் கையை உன் இஷ்டத்துக்கு விட்டிருந்தாள் என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

அம்மா போன பிறகு நீ அதை எடுத்துப் பின்னியிருக்கிறாய். எப்போது என்று கேட்க மாட்டேன். ஆறு வரிசையோடு ஏன் நிறுத்தினாய் என்றும் கேட்க மாட்டேன். ஆனால் என்னிடம் ஏன் "அம்மா முடிக்காமப் போனது" என்று மட்டும் சொன்னாய்? "நான் கொஞ்சம் பின்னியிருக்கேன்" என்ற ஒரு வார்த்தையில் என்ன குறைந்துவிடும்? எனக்குத் தெரியாமல் கொடுப்பதும், எனக்குத் தெரியவில்லை என்று பிறகு குறை சொல்வதும் உன் பழைய வழக்கம் அக்கா. அம்மாவின் குழம்புப் பொடிக்கு அளவு கேட்டால் "கண்ணளவுதான்" என்கிறாய். கண்ணளவு என்பது கூடவே நின்று பார்த்த கண்ணுக்குத்தான் உதவும். ஒரு கிலோ மல்லிக்கு எத்தனை மிளகாய், வெந்தயம் ஒரு கைப்பிடியா அரைக் கைப்பிடியா, கடலைப்பருப்பை வறுத்துச் சேர்ப்பாளா மாட்டாளா என்று நான் தராசு வைத்து ஒன்பது முறை அரைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்பதும் வேறு யாரோ ஒருத்தியின் குழம்பாகவே இருந்தன.

சரி. குழம்பைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.

2021 மே 11, செவ்வாய்க்கிழமை. அம்மாவை எடுத்த நேரம் உனக்குப் பகல் பதினொன்று, எனக்கு மூன்றரை. பிள்ளைகளின் பள்ளி விடும் நேரம். அத்தான் சுடுகாட்டிலிருந்து காட்டிய காட்சியைப் பள்ளி வாசலில் காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகள் கதவைத் திறந்து ஏறினார்கள். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

என்னை விடாமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். உனக்குப் பிற்பகல் இரண்டு, எனக்கு மாலை ஆறரை. தமிழ்நாட்டில் முழு ஊரடங்கின் இரண்டாம் நாள் அது. இருபது பேருக்கு மேல் கூட முடியாது, வந்தவர்களும் தெருவோடு திரும்பிவிட்டார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, உறவுக்காரர் வீட்டிலிருந்துதான் சோறு வரும். அன்று பாளையங்கோட்டையில் எந்த வீட்டிலிருந்தும் எந்தத் தூக்குவாளியும் வரவில்லை. நீ தலை முழுகி, ஈரத் தலையோடு, தொலைபேசியை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவின் அடுப்பை நீயே மூட்டினாய். எனக்கு உன் தோளும் பாதி முகமும் அஞ்சறைப்பெட்டியின் மூடியும் தெரிந்தன. நாம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அப்போதுதான் என் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

பருப்பும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தேன். ஏழு வயதுக்கும் நான்கு வயதுக்கும் பசித்தது. அந்தச் சத்தம் உன் சமையலறைக்குள் கேட்டதை உன் தோளில் பார்த்தேன். நீ திரும்பாமலே, "குக்கர் சத்தம் போடுது பாரு, போய் அணச்சிட்டு வா" என்றாய்.

அணைத்தேன். வரவில்லை. மூடியைத் திறந்து, சோற்றைப் பிசைந்து, சின்னவளுக்கு ஊட்டி, பெரியவனின் தட்டை எடுத்துவைத்து, தண்ணீர் கொடுத்து, இருபது நிமிடம் கழித்துத்தான் திரும்பினேன். அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு பூண்டு உரித்தபடி என்னிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாய். "...அதான் நான் ஒன்னும் சொல்லல" என்று முடிந்த அந்த வாக்கியத்தின் வால் மட்டும் என் காதில் விழுந்தது. நான் "ம்" என்றேன்.

அந்த "ம்" பொய். நீ சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. அன்றே, இன்னொரு முறை சொல் அக்கா என்று கேட்டிருக்க வேண்டும். நான் எழுந்து போயிருந்தது உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அது உனக்குத் தெரிந்தே இருந்தது என்பதை அறிய எனக்கு அந்தக் கல்யாண வீடு வேண்டியிருந்தது. அங்கே எல்லோர் முன்னிலையிலும் நீ சொன்ன ஒற்றை வரியை இங்கே எடுத்து எழுத மாட்டேன். கல்யாண வீட்டார் இதை வாசிப்பார்கள், அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, பந்தியில் சொதி மிக நன்றாக இருந்தது. அந்த வரியில் குக்கர் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சொல்லிவிட்டு மூன்றாம் நாள் கூடையையும் கொடுத்தாய். இரண்டையும் ஒரே கை எப்படிச் செய்தது என்று விமானம் முழுவதும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நான் ஏன் வரவில்லை என்பதற்கு எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறேன். இந்தியாவிலிருந்து விமானங்களை நிறுத்திவிட்டார்கள், இந்தியாவில் இருந்துவிட்டுப் பதினான்கு நாட்களுக்குள் ஆஸ்திரேலியாவில் இறங்கினால் 66,600 டாலர் வரை அபராதம் அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை என்று அறிவித்திருந்தார்கள் என்று. அது அத்தனையும் உண்மை. அந்தத் தடை மே 15ஆம் தேதியோடு, அதாவது நான்கு நாட்களில், முடிய இருந்தது என்பதும் உண்மை. இங்கிருந்து வெளியேறக் கருணை அடிப்படையில் அனுமதி கேட்க வழி இருந்தது. அந்த விண்ணப்பத்தைத் திறந்து, அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் நிரப்பினேன். அனுப்பவில்லை. போனால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. நான்கு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை. அந்த வாரம் இந்த வீட்டில் பேசப்பட்ட மற்றவை என்னை மட்டும் சேர்ந்தவை அல்ல என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். சட்டம் தடுத்தது என்று உன்னிடம் சொன்னதற்கு மன்னித்துக்கொள். அனுப்பாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. இன்று அந்த விண்ணப்பம் திரையில் இருந்தாலும் என்ன செய்வேன் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

நீ அங்கே இருந்தாய், நான் இல்லை. அதற்கு ஈடு கிடையாது. ஆனால் அங்கே இருந்தவளுக்கு அம்மாவின் கடைசி மூச்சும் கண்ணளவும் கிடைத்தன, எனக்குக் கிடைத்தது ஒரு வாக்கியத்தின் வால். இதை எழுதியதும் எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அழிக்கப் போவதில்லை. மூட்டு வலியோடு அவளைக் குளிப்பாட்டியவளிடம் பங்கு கேட்கிறாள் பார் என்று சிலர் நினைப்பார்கள். நினைக்கட்டும். அவர்கள் அன்று ஒரு தூக்குவாளி கொண்டுவரவில்லை.

நேற்று திதிக்கு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்தேன். உளுந்தைக் குறைத்துப் போட்டேன், நீ சொன்னது சரிதான். மாவு மட்டும் வழக்கம்போல் இங்கே ஐப்பசிக் குளிரைப் போன்ற இந்தச் சித்திரைக்குப் பொங்கவில்லை. ஓவனை மூட்டாமல் அதன் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தும் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. அம்மா இங்கே இருந்தபோது அந்த விளக்கு வெளிச்சத்தில் குனிந்து குனிந்து பார்த்து, "கோழி அடைகாக்குத மாதிரில்லா இருக்கு" என்பாள்.

கூடையை நான் முடிக்கப் போவதில்லை. பிரித்த ஆறு வரிசையைத் திரும்பப் போடப் பார்த்தேன். என் கை போட்டால் முடிச்சு அம்மாவின் பக்கம் சாய்கிறது. கூடை என்னவோ அழகாகத்தான் வரும், ஆனால் நீ அதில் இருக்க மாட்டாய். ஆகவே எட்டு வரிசையோடு நிறுத்தி, பிரித்த ஒயரைச் சுருட்டி உள்ளேயே வைத்திருக்கிறேன். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள். பச்சை போதும், அளந்து பார்த்துவிட்டேன். வெள்ளை ஒரு கட்டு வாங்கி வை. நீ வாங்கிய அந்த மங்கலான வெள்ளையே கிடைத்தால் அதையே வாங்கு.

இன்னொன்று. சின்னவளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவளுக்குத் தலைகீழாக இருக்கிறது. எதிரே கண்ணாடி வைத்துக் காட்டினேன், அதிலும் குழம்பினாள். இடது கைக்காரர்கள் வரிசை நெடுக ஓடும் ஓட்டு ஒயரை எந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கிறாள். பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை