மலத்தின் நிறத்தை நீயே பார்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நேற்று போனில் சொன்னாயே, உன்னிடம் வைத்தியத்துக்கு வந்த அந்த 35 நாள் குழந்தை என் மனசிலேயே நிற்கிறது. நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, கண் மட்டும் மஞ்சள், தாய்ப்பால் காமாலையாகத்தான் இருக்கும் என்றாய். இருக்கலாம். ஆனால் அதை ரத்தம்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நின்றால் ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபினின் மொத்த அளவோடு, ஈரல் பதப்படுத்திப் பித்தத்தில் அனுப்ப வேண்டிய டைரக்ட் பிலிருபினையும் தனியாகப் பார்க்கச் சொல். டைரக்ட் 100 மில்லிக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது தாய்ப்பாலால் வந்ததல்ல. பித்தம் ஈரலில் தேங்குகிறது. இளவெயிலில் காட்டினால் அது தீராது.

குழந்தைகள் வார்டில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான்: ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பித்தநாளம் அடைபட்ட குழந்தை முதல் மாதத்தில் கொழுகொழுவென்று இருக்கும். யாருக்கும் பயம் வராது. மலம் என்ன நிறம் என்று கேட்டால் மஞ்சள்தான் என்பார்கள். வெளிறிய மஞ்சளும் அவர்களுக்கு மஞ்சள்தானே! துணியை வாங்கி வெளிச்சத்தில் நீயே பார். வெளுத்தோ களிமண் நிறத்திலோ இருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. மூத்திரம் துணியில் மஞ்சளாகக் கறை பிடிக்கிறதா என்றும் பார். தைவானில் 2004 முதல் நாடு முழுக்க மல நிற அட்டையைத் தாய்மார் கையிலேயே கொடுக்கிறார்கள். அதன்பின் பிறந்து 60 நாளுக்குள் ஆபரேஷனுக்கு வந்து சேரும் குழந்தைகள் கூடினார்கள். நம் ஊர்த் தடுப்பூசி அட்டையிலும் அந்த நிறங்கள் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த 60 நாள் கணக்கு கசாய் ஆபரேஷனுக்கானது. ஜப்பானில் செண்டாயில் மோரியோ கசாய் 1950களில் தொடங்கியது. கெட்டுப்போன நாளத்தை எடுத்துவிட்டு, குடலை மேலே கொண்டுபோய் ஈரலின் வாயிலில் தைப்பார்கள். நாள் தள்ளத் தள்ள ஈரல் தழும்பேறி இறுகிவிடும், பித்தம் இறங்கும் வாய்ப்பும் குறையும்.

மஞ்சளுக்குக் காரணம் நாள அடைப்பு ஒன்றே என்றும் முடிவு கட்டாதே. மூத்திரத்தில் கிருமி, தைராய்டு குறைவு, கருவிலேயே தொற்றிய வைரஸ் எல்லாமே இப்படி மஞ்சளாக்கும். வாந்தி, சர்க்கரை இறக்கம், கண்புரை என்று இருந்தால் பாலில் உள்ள சர்க்கரையை உடம்பு பயன்படுத்த முடியாத பிறவி நோயான கேலக்டோசீமியாவை முதலில் நினை. அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலே விஷம், உடனே நிறுத்த வேண்டும். பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா, முன்பு ஒரு குழந்தை இப்படித் தவறியதா என்று கேள். பரம்பரையாக வரும் ஈரல் நோய்களுக்கு அது முக்கியமான துப்பு. கேட்கும்போது குற்றம் சாட்டுவது போல் தொனிக்கக் கூடாது. அந்தப் பெண் ஏற்கெனவே மாமியாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பாள்.

ஸ்கேனுக்கு நாலு மணி நேரம் பால் கொடுக்காமல் அனுப்பு, அப்போதுதான் பித்தப்பை நிறைந்து தெரியும். நாளம் பை போல் வீங்கியிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். பித்தப்பை நன்றாகத் தெரிகிறது என்று ரிப்போர்ட் வந்தாலும் அடைப்பு இல்லை என்று நம்பிவிடாதே. ஈரலில் துளி சதை எடுத்துப் பார்ப்பதும், கடைசியில் ஆபரேஷன் மேசையில் சாயம் செலுத்திப் பார்ப்பதும் பெரிய ஆஸ்பத்திரி வேலை. அங்கே நேரத்தோடு சேர்ப்பதுதான் உன் வேலை.

கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்களா என்று கேள். கோபப்படாமல் நிறுத்தச் சொல். அதில் வாரங்கள் போய்விடும். ரிசல்ட்டில் டைரக்ட் கூடுதல் என்று வந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றும் முன் வைட்டமின் கே ஊசி போடு. குடலுக்குப் பித்தம் போகாவிட்டால் அந்த வைட்டமின் உடம்பில் சேராது, ரத்தம் உறையாமல் மூளைக்குள் ரத்தம் கசிந்து குழந்தை போய்விடக்கூடும்.

தாமதமாகி வந்ததென்றாலும் அந்த அம்மாவிடம் கைவிரித்துவிடாதே. 1998இல் டெல்லியில் நம் காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு இதே நோய்க்காக அப்பாவின் ஈரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் ஈரல் மாற்று அது. அந்தப் பிள்ளை வளர்ந்து இன்று டாக்டர்.

நாளை காலை முதல் வேலையாக ரத்தம் எடு. சாயங்காலம் ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அம்மா