மன்னிக்கச் சொல்லுமுன் பதில் சொல்லுங்கள்

மட்டக்களப்பில் நல்லிணக்கப் பயிலரங்குகள் நடத்தும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு நிதி கொடுக்கும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

போன வாரப் பயிலரங்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த மண்டபம், யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை பஸ்ஸில் ஏற்றி வந்து வட்டமாக இருத்தினீர்கள். ஆளுக்கொரு கலர்த் தாள் கொடுத்து, "உங்களால் மன்னிக்க முடியாதவரின் பெயரை எழுதி இந்தப் பானைக்குள் போடுங்கள், மனப்பாரம் குறையும்" என்றார் பயிற்றுநர். என் பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. தாளை என்னிடம் நீட்டினார். "ஆரெண்டு தெரிஞ்சாத்தானே புள்ள எழுதலாம்?"

அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? கடைசியில் வெறுந்தாளை மடித்துப் பானைக்குள் போட்டுவிட்டு வந்து இருந்தார்.

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த நாட்களில்தான் இந்த அம்மாவின் மகனும் போனார். காணாமல் போனோரைப் பற்றிய முறைப்பாடுகளைக் கேட்க 1994இல் ஆணைக்குழு, 2010இல் ஆணைக்குழு, 2013இல் இன்னொன்று, 2016இல் அவர்களுக்கென ஒரு அலுவலகம் அமைக்கத் தனிச் சட்டமே வந்தது. ஒவ்வொரு முறையும் அதே போட்டோ, அதே அடையாள அட்டைப் பிரதி, அதே கதை. கதையைத் திரும்பச் சொல்லும்போது அந்தத் தாய் அந்த நாளுக்கே திரும்பப் போகிறார் என்பது கேட்பவர்களுக்குத் தெரிகிறதா?

இடையில் ஒரு அலுவலகத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. சிங்களத்தில். வீட்டில் வாசிக்க ஆளில்லை. ஏறாவூரில் அவர் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் கல்லாவை விட்டு எழும்பி வந்து, கதிரை போட்டு இருத்தி, இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் வாய் திறந்தாராம்: "உங்கட கடிதம் கிடைச்சிருக்காம் உம்மா. வேற ஒண்டும் இல்ல." பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து, அது குடித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாராம். அம்மா இதை என்னிடம் சொன்னபோது கடிதத்தைப் பற்றிக் கொஞ்சமும், அந்த மனிதரைப் பற்றி நிறையவும் சொன்னார். பரிவு என்று நீங்கள் திரையில் போட்டுக் காட்டியது இதைத்தான் என்றால், அதை எங்கள் ஆட்களுக்குப் புதிதாகப் பழக்கத் தேவையில்லை.

மன்னிப்பால் மனமும் உடம்பும் ஆறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்த ராபர்ட் என்ரைட் போன்ற உளவியலாளர்களே, மன்னிப்பு வேறு, செய்ததைச் சரியென்று விடுவது வேறு, மறுபடி சேர்ந்துகொள்வது வேறு என்று பிரித்துச் சொல்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் தன் விருப்பத்தில் கொடுப்பது அது. பஸ் அனுப்பி, சாப்பாடு போட்டுக் கேட்டு வாங்குவதில்லை. அப்புறம், இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பைப் பற்றி பவுலின் பொஸ் என்ற குடும்ப உளச்சிகிச்சையாளர் 1970களிலிருந்தே எழுதிவருகிறார். அப்படிப்பட்ட துக்கம் முடிவுக்கு வர வழியில்லாமல் உறைந்துபோய் நிற்கும் என்கிறார் அவர். பயிற்றுநரின் கையேட்டில் மன்னிப்பு இருக்கிறது, இது ஏன் இல்லை?

இந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று பதில் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் மன்னிப்பைப் பற்றிப் பேசுவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். அந்தக் குடும்பங்களுக்கும் பதில் வேண்டும், அந்தப் பதிலில் தமிழராகிய எங்களுக்கும் பங்குண்டு. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் பதிலுக்குத்தான் காத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு சந்தையிலும் ஆஸ்பத்திரி வாட்டிலும் வயல் வரம்பிலும் சனம் ஒருவரை ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக நம்பத் தொடங்கியது, கொடுத்த சொல்லை யாரோ காப்பாற்றியதால்தான். வாங்கிய கடனைச் சொன்ன நாளில் கொடுத்தார்கள், கூலியைப் பிடிக்காமல் கொடுத்தார்கள். அரசாங்கம் எங்களிடம் கேட்கும் நம்பிக்கைக்கும் வேறு வழி இல்லை. "இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை அம்மா, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று மாதத்தில் ஒருநாள் ஒரு அதிகாரி போன் எடுத்திருந்தால்கூட அந்த அம்மா உங்களை நம்பியிருப்பார்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒவ்வொரு தாய்க்கும் அவருடைய முறைப்பாடு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தமிழில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு அதிகாரியின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கட்டும். ஏற்கெனவே பதிந்த கதையை மறுபடி சொல்ல வைக்காதீர்கள். அடுத்த பயிலரங்கு வாழைச்சேனைப் பக்கம் என்று அறிகிறேன். அங்கே அந்தக் கலர்த் தாள் பயிற்சியைத் தயவுசெய்து நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் கோப்புகளோடு ஒரு அதிகாரியை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
செங்கலடியிலிருந்து ஒரு களப்பணியாளர்