ஜூனில் கேஜிக்குப் போகும் பிள்ளைகளுக்காக மே மாதம் மண்டபத்தைத் திறந்து வையுங்கள்

மியான்மரின் யாங்கோன், பெகு, மோல்மேன் பகுதிக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், கோடை விடுமுறையில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானும் சித்திரைப் பிறப்பும் முடிந்துவிட்டன. ஜூன் பிறந்ததும் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஐந்து வயது நிரம்பிய நம் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் பச்சைக் கால்சட்டையுமாக முதன்முதலில் கேஜிக்குப் போவார்கள். அவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். காலைப் பூஜை முடிந்து மண்டபம் சும்மா இருக்கும் இரண்டு மணி நேரத்தை மே மாதம் மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள். அம்மாவை விட்டு இருக்க அங்கே பழகிக்கொள்ளட்டும்.

2016-இல் கேஜியைத் தனி வகுப்பாக்கி, பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம்தான். வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பிள்ளை பெரும்பாலும் சமாளித்துக்கொள்கிறது. வாசலில்தான் எல்லாக் கஷ்டமும். ஜூன் என்றாலே அடைமழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டு அடுக்கு, அம்மாவின் லுங்கியை இறுக்கிப் பிடித்த பிள்ளை, பின்னால் ஹாரன் அடிக்கும், பிள்ளைகளை ஏற்றி வரும் ஃபெர்ரி வண்டி. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரே மாதிரி ரப்பர் செருப்பு நாற்பது ஐம்பது ஜோடி ஈரத்தோடு குவிந்து கிடக்கும். வீடு திரும்பும் நேரத்தில் தன் செருப்பு எது என்று தெரியாமல் விம்மி விம்மி அழுத ஒரு பெண் குழந்தையைப் பார்த்தேன். மறுநாள் அவள் பாட்டி செருப்பு வாரில் சிவப்பு நூல் கட்டி அனுப்பினார். அதன்பிறகு அந்தக் குழந்தை காலையில் வாசலில் நின்று அழுததை நான் பார்க்கவில்லை. இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பிள்ளையின் மனதில் மலையாக நிற்கின்றன.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. யாங்கோன் பிள்ளைகள் தெருவிலும் டிவியிலும் பர்மிய மொழியைக் கேட்டு வளர்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒன்றாக வாழும் கிராமங்களில் அப்படி இல்லை. ஒன்றுக்கு வருகிறது, தண்ணீர் வேண்டும், டப்பா மூடி திறக்க வரவில்லை என்று சயாமாவிடம் (டீச்சரிடம்) சொல்லத் தெரியாத பிள்ளை, மத்தியானம் மூடிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் காலையில் அது பள்ளிக்கு வர மறுத்தால் பிடிவாதம் என்கிறோம். பாவம், அதற்குப் பசித்தது.

அப்புறம், பெரியவர்கள் நாம் செய்கிற இரண்டு காரியங்கள். ஒன்று மிரட்டல். "அழுதா சயாமா ஊசி போட்டுடுவாங்க" என்று அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தச் சயாமாவிடம்தானே பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறோம்? யாரை நம்ப வேண்டுமோ அவரையே பூச்சாண்டி ஆக்கிவிட்டால் பிள்ளை யாரிடம் ஒண்டும்? இன்னொன்று, பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் சொல்லாமல் நழுவிவிடுவது. அன்றைக்கு அழுகை குறைந்த மாதிரி தெரியும். மறுநாளிலிருந்து பிள்ளை கண்ணை எடுக்காது, பிடியை விடாது. சொல்லிவிட்டுப் போவதுதான் நல்லது. தலையைத் தடவி, "சாப்பிட்டு, பாட்டுப் பாடி முடிச்சதும் அம்மா வந்து நிப்பேன்" என்று தினமும் அதே வார்த்தையைச் சொல்லி, சயாமா கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மணி சொன்னால் பிள்ளைக்குப் புரியாது, சாப்பாடு புரியும். சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது அதைவிட முக்கியம். அழுதுகொண்டே உள்ளே போகும் பிள்ளைகளில் பெரும்பாலானவை அம்மா கண்மறைந்த கொஞ்ச நேரத்திலேயே அடங்கிவிடும். வாசலில் பத்து நிமிடம் கொஞ்சிக்கொண்டு நின்றால்தான் அழுகை நீளும்.

இதையெல்லாம் ஜூன் மழையில், அந்த நெரிசலில் பழக்க முடியாது. பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்த கோயில் மண்டபத்தில் முடியும். முதல் சில நாள் அம்மாவோ பாட்டியோ கூடவே உட்காரட்டும். அப்புறம் பூக்கடை வரை போய்விட்டு வரட்டும். கடைசி வாரத்தில் கோயில் வாசலோடு திரும்பிவிடட்டும். செருப்பைக் கழற்றி அடையாளம் பார்த்து வைப்பது, டப்பாவைத் திறந்து தானே சாப்பிடுவது, கழிவறைக்குக் கேட்டுப் போவது, இவ்வளவு பழகினால் போதும். ககஜீ, ககுவே என்று பர்மிய எழுத்துகளை எழுத வைக்க வேண்டாம். அதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

நம் ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பெண்களும் விடுமுறையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் சயாமாவாக நின்று பர்மிய மொழியில் பேசட்டும், பிள்ளைகள் "மிங்கலாபா சயாமா" என்று வணக்கம் சொல்லி உள்ளே வரட்டும். தெரிந்த அக்கா வாயிலிருந்து வரும்போது அந்த மொழி மீதும் பயம் இருக்காது.

இப்படிப் பழகிய பிள்ளையும் ஜூனில் அழலாம். திங்கள்கிழமைகளிலும் காய்ச்சல் வந்து தேறிய பிறகும் மறுபடி அழலாம், வயிறு வலிக்கிறது என்று சொல்லலாம். அது இயல்புதான். நான்கு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு கெடும் அளவுக்குப் பிரிவுப் பயம் நீடித்தால் சயாமாவிடம் மனம்விட்டுப் பேசி, டாக்டரிடமும் காட்ட வேண்டும். இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, மே மாதத்தில் ஒரு நாள் பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் மண்டபத்துக்குக் கூப்பிடுங்கள். சந்தைக்கும் கடைக்கும் விடியற்காலையிலேயே கிளம்பும் வீடுகளில் பிள்ளையைப் பள்ளியில் விடுவது பாட்டிகள்தான். அவர்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. பாய், குடிதண்ணீர், கழிவறைச் சாவி, பொறுப்பாக நிற்க இரண்டு பெரியவர்கள், அவ்வளவுதான். தீமிதித் திருவிழாவுக்கு எத்தனை பேரைத் திரட்டுகிறோம்! அதில் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா? அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, எந்தக் கோயிலில் எந்த நேரம் என்று ஏப்ரல் முடிவதற்குள் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுங்கள். யாங்கோனில் எந்த மண்டபம் என்றாலும் காலையில் வந்து உதவ நான் தயார்.

இப்படிக்கு,
கேஜி முடித்த ஒரு பையனின் அம்மா,
யாங்கோன்