மாயப் போர்வை என்று எதை அழைப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கான்பூர் ஐ.ஐ.டி. 2024 நவம்பர் இறுதியில் அறிமுகப்படுத்திய ‘அனாலக்ஷ்யா’ என்னும் ராடார் மறைப்புத் துணியைப் பற்றிப் பேசுவோரும் எழுதுவோரும் ‘மாயப் போர்வை’, ‘கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் துணி’ போன்ற சொற்களைத் தயக்கமின்றிக் கையாள்வதைப் பார்க்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்தச் சொல்லாட்சி பற்றி எனக்குள்ள மறுப்பைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்தத் துணி பாராட்டுக்குரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது செய்யும் வேலை, தன்மேல் விழும் ராடார் அலைகளை உறிஞ்சிக்கொண்டு அவற்றைத் திரும்பிப் போகவிடாமல் தடுப்பதுதான். அலை திரும்பி வராததால் ராடார் திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு அங்கே ஒரு வாகனம் நிற்பது தெரியாது; வயல் வரப்பில் ஆடு மேய்க்கும் சிறுவனுக்கோ நன்றாகவே தெரியும். அமெரிக்காவின் எஃப்-117 போர் விமானமும் இப்படி ராடாருக்கு மட்டும் மறையும் வகையைச் சேர்ந்ததே; அது ராடார் அலைகளைப் பெரும்பாலும் தன் வடிவத்தால் வேறு திசைக்குத் திருப்பிவிட்டது. உஃபிம்ட்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர் அலைகள் விளிம்புகளில் சிதறுவதைப் பற்றி 1962இல் வெளியிட்ட கணக்குகள் அதன் வடிவமைப்புக்கு உதவின. கண்ணுக்குத் தெரியும் என்பதால்தான் அது கறுப்பு வண்ணம் பூசிக்கொண்டு இரவில் மட்டும் தாக்குதலுக்குப் போனது. அப்படியிருந்தும் 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் பழைய சோவியத் ஏவுகணை ஒன்றால் சுட்டு வீழ்த்தப்பட்டது.

புனைகதைகள் கற்பனை செய்த மறைவு வேறு. எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ நாவலில், கதைநாயகன் தன் உடலின் ஒளிவிலகல் எண்ணை, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்னும் அளவை, காற்றின் அளவுக்குக் குறைத்துக்கொண்டு மறைகிறான். இது வெறும் மந்திரமன்று. ஆய்வகத்தில் போரோசிலிக்கேட் கண்ணாடித் தண்டு ஒன்றைக் கிளிசரினில் அமிழ்த்தினால், இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறத்தாழ 1.47 என்பதால், அமிழ்ந்த பகுதி மாணவர் கண்முன்னே காணாமல் போய்விடும். பாடத்தில் கவனமில்லாத கடைசி வரிசைப் பையன்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள். ஆனால் அந்த வகுப்புகளில் நான் ஒவ்வோர் ஆண்டும் கேட்ட அடுத்த கேள்வி, அப்படி மறைந்த மனிதனுக்குப் பார்வை இருக்குமா என்பது. ஒளியைத் தடுத்து உள்வாங்கினால்தான் விழித்திரை வேலை செய்யும். காற்றைப் போலத் தெளிந்த விழித்திரையில் எந்த உருவமும் பதியாது. ஆகவே முழுமையாக மறைந்த மனிதன் முழுக் குருடனாகவே இருப்பான். இதே தடை போர்வைக்கும் உண்டு. ஒளி தன்னைத் தொடாமல் சுற்றிப் போகும்படி செய்துகொண்டவரை வெளியார் பார்க்க முடியாது என்றால், அவரிடமும் ஒளி வந்து சேராது. அவர் கும்மிருட்டில்தான் நிற்க வேண்டும். 1966இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் அத்தியாயம் ஒன்றில், மறைந்து வரும் பகைவர் கப்பல் ஆயுதத்தை ஏவ வேண்டுமானால் வெளிப்பட்டே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். மறைவுக்கு ஏதோ ஒரு விலை உண்டு என்பதையாவது அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மேகத்துக்குள் மறைந்து நின்றபடியே நாகபாசம் எய்த நம் இந்திரசித்துக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை.

ஒளியைச் சுற்றிப் போகச் செய்வதற்கான கணிதம் 2006இல்தான் வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பென்ட்ரி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவருடன் சேர்ந்தும், ஸ்காட்லாந்தில் பணியாற்றிய உல்ஃப் லியோன்ஹார்ட் தனியாகவும் அதை வெளியிட்டனர். ஆற்று நீர் பாலத்தின் தூணைச் சுற்றிக்கொண்டு போவதைப் போல அலை பொருளைச் சுற்றிப் போக வேண்டும். ஆனால் தூணுக்குப் பின்னால் சிறு சுழிப்புகூட இருக்கக் கூடாது. அதே ஆண்டு அக்டோபரில் டியூக் குழுவினர், நுண்ணிய செப்பு அமைப்புகள் பதித்த பத்து வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, நடுவிலிருந்த செப்பு உருளையை மறைத்துக் காட்டினர். அந்த மறைவு ஏறத்தாழ 8.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக்கு மட்டுமே, அதுவும் ஒரு தளத்தில் மட்டுமே. நிழல் முற்றிலும் நீங்கவும் இல்லை.

அந்த அலையின் நீளம் சுமார் 3.5 சென்டிமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). மறைக்கும் பொருளின் உள்ளமைப்பு அலைநீளத்தைவிடச் சிறிதாக இருக்க வேண்டும் என்பதால், சில பத்து நானோமீட்டர் அளவில் செதுக்க வேண்டியிருக்கிறது. அதைச் செய்துவிட்டாலும் இன்னும் ஆழமான தடை ஒன்று உள்ளது. சுற்றிப் போகும் ஒளி நேரே வரும் ஒளியுடன் ஒரே கணத்தில் வந்து சேர வேண்டுமானால், அது வழியில் வெற்றிடத்து ஒளியைவிட வேகமாக ஓடியாக வேண்டும். ஒரே நிறத்து அலையின் முகடுகள் அப்படி முந்துவது இயற்பியலுக்கு முரணானதன்று. எல்லா நிறங்களும் சேர்ந்து முந்த முடியாது. ஒரு நிறத்தில் இத்தகைய போர்வையால் மறைக்கப்பட்ட பொருள், எல்லா அலைநீளங்களையும் சேர்த்துப் பார்த்தால், போர்வையில்லாத பொருளைவிட அதிகமாகவே ஒளியைச் சிதறடிக்கும் என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2013இல் கணக்கிட்டுக் காட்டினர். 2015இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 80 நானோமீட்டர் தடிமனுள்ள தங்கப் படலத்தால் 730 நானோமீட்டர் சிவப்பொளியில் ஒரு பொருளை மறைத்தார்கள். அந்தப் பொருளின் அகலம் சில பத்து மைக்ரான்கள்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெறுங்கண்ணால் பார்ப்பதே அரிதான ஒன்றைத்தான் கண்ணுக்குத் தெரியாமல் செய்தார்கள்!

‘மாயப் போர்வை’ என்று பரவிய வேறு சிலவும் உண்மையான மறைவல்ல. டோக்கியோவில் பேராசிரியர் சுசுமு டாச்சி காட்டிய மேலங்கி, பின்னணிக் காட்சி தன்மேல் விழும்படி செய்த படவீழ்த்தி (புரொஜெக்டர்) வேலை. 2017 இறுதியில் சீனாவிலிருந்து பரவிய ‘குவாண்டம் போர்வை’ காணொளி திரைப்படத் தந்திரம் மட்டுமே; அது உறவினர் குழு வழியாக எனக்கு மட்டும் மூன்று முறை வந்தது.

கான்பூர்த் துணியை மாயப் போர்வை என்பதற்கு ஒரு சாக்கு உண்டு. பென்ட்ரியின் கணிதப்படி டியூக் குழுவினர் செய்த வளையங்களும் இந்தத் துணியும் ‘மெட்டாமெட்டீரியல்’ எனப்படும் ஒரே குடும்பத்துச் செயற்கைப் பொருள்கள். கான்பூர்க் குழுவிலுள்ள பேராசிரியர் அனந்த ராமகிருஷ்ணா முன்பு பென்ட்ரியுடனேயே பணியாற்றியவர். ஆயினும் ஒன்று அலையை வளைத்து அனுப்புவது, மற்றது அலையை விழுங்கிவிடுவது. விழுங்குவதை ‘ராடார் மறைப்புத் துணி’ என்றே எழுதலாம். அதனால் அதன் பெருமை குறையாது. இனி இத்தகைய செய்தி வரும்போது, எந்த அலைநீளத்தில், எவ்வளவு பெரிய பொருள், எந்தத் திசையிலிருந்து பார்த்தால் மறைகிறது என்ற மூன்று விவரங்களையும் முதல் பத்தியிலேயே சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.