பள்ளி மாணவர்களின் மிதிவண்டி விபத்துகளைத் தடுக்கவும், முதலுதவிக்கு ஏற்பாடு செய்யவும் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர் மற்றும் பொதுமக்கள்,
மணமேல்குடி வட்டம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிவண்டியில் செல்லும் மாணவர்களின் பாதுகாப்பு – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்து ஊர்களில் வசிக்கிறோம். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி, பஸ்ஸை நம்பிப் படிப்பை விட வேண்டிய நிலையை மாற்றியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்ற மாவட்டம் இது. அதே மாவட்டத்தில் இன்று மகளைச் சைக்கிளில் அனுப்பிவிட்டு, அவள் திரும்பும்வரை வாசலையே பார்த்திருக்கிறோம்.

மீன் ஏற்றிய லாரிகள் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய அவசரத்தில் வருகின்றன. அவற்றிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரில் சாலை வழுக்குகிறது. பின்னால் ஹாரன் கேட்டதும் பிள்ளைகள் ஓரம் ஒதுங்குகிறார்கள். மழையில் மண் அரித்துப்போனதால் தார் விளிம்புக்குக் கீழே பள்ளம். சக்கரம் அதில் இறங்கினால், மீண்டும் ஏற முயலும்போது சாலைக்குள்ளேயே விழ வேண்டியதுதான். மார்கழி மாதத்தில் சிறப்பு வகுப்பு முடிந்து வரும்போது இருட்டிவிடுகிறது. பல சைக்கிள்களில் ரிஃப்ளெக்டரும் இல்லை, விளக்கும் இல்லை.

விழுபவர்களுக்கு வெறும் சிராய்ப்பு மட்டும் என்றால் இந்த மனுவுக்கே தேவை இருக்காது. கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டும் காறை எலும்பும் முறிகின்றன. கேரியரில் உட்கார்ந்து வரும் தம்பி தங்கையின் கால் ஸ்போக்ஸில் சிக்கிச் சதை கிழிகிறது. எல்லாவற்றையும்விட மோசமானது ஹேண்டில்பார் வயிற்றில் குத்துவது. எங்கள் ஊர் மாணவன் ஒருவனின் சைக்கிள் மீது பைக் மோதி ஹேண்டில்பார் குத்தியபோது, வயிற்றில் வெளியே ஒரு சிறு சிவப்புத் தடம்தான் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்று டியூஷனுக்கும் போய்விட்டான். இரவில் இடது தோளில் வலி, மயக்கம். மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. பிழைத்தான், ஆனால் அந்தத் தோள்வலி இதற்கான அறிகுறி என்று அறிந்தவர் பள்ளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

அடிபட்ட இடத்தில் இன்னும் காப்பித்தூள் வைக்கிறார்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், கழுத்து அசைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தூக்கி பைக்கில் உட்கார வைக்கிறார்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடிப்பது, முறிந்த கையைத் துப்பட்டாவால் தொட்டில் கட்டி அசையாமல் வைப்பது, தலையில் அடிபட்டபின் வாந்தி, தூக்கக்கலக்கம், காதில் ரத்தம் எது தெரிந்தாலும் உடனே 108-ஐ அழைப்பது: இவற்றைக் கற்றுத்தர ஒரு மதியம் போதும். எலும்பு முறிவுக்கு நேராகக் கட்டுப்போடும் இடத்துக்கு ஓடாமல், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும், தடுப்பூசி அட்டையைப் பார்த்து டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போடவும் சொல்ல வேண்டும்.

ஆகவே, மிதிவண்டி வழங்கும் நாளிலேயே பிரேக், பெல், முன்பின் ரிஃப்ளெக்டர், ஹேண்டில் முனை ரப்பர் ஆகியவற்றைச் சரிபார்த்துக் கொடுக்க உத்தரவிடுங்கள். ரப்பர் கழன்ற குழாய் வயிற்றைத் துளைக்கும் என்பதால்தான் இந்தச் சின்ன விஷயத்தையும் எழுதுகிறோம். ஹெல்மெட்டும் நல்லதுதான், ஆனால் அதைப் பிள்ளைகள் தலையில் மட்டும் சுமத்திவிட்டு லாரி வேகத்தை விட்டுவிடக் கூடாது. நெடுஞ்சாலைத் துறை மூலம் சாலையோரத்தை மண் நிரப்பிச் சமன்செய்து, பள்ளிகளுக்கு அருகில் விதிப்படியான வேகத்தடையும் வெள்ளைக் கோடும் போட வேண்டும். ஊருக்குள் பார்க்கும் செங்குத்தான வேகத்தடை மேடுகள் சைக்கிளையே கவிழ்க்கின்றன.

'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட மருத்துவமனைகளில் இலவசம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அந்த மருத்துவமனைகளின் பட்டியலைப் பள்ளி வாசலிலும் மீன் இறங்குதளங்களிலும் வைக்க வேண்டும். உதவ வருபவர் போலீஸ், கோர்ட் என்று அஞ்சி ஒதுங்காமலிருக்க, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் அவருக்குத் தரும் பாதுகாப்பையும் அதே பலகையில் எழுதலாம்.

பருவமழைக்கு முன் சாலையோர வேலையையாவது தொடங்கித் தரும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
பெற்றோர் மற்றும் பொதுமக்கள்
(கையொப்பத் தாள் இணைக்கப்பட்டுள்ளது)